பழைய ஃப்ரிட்ஜோடு வந்த கரப்பான்

போன வருடம் பங்குனியில் மடிப்பாக்கத்துக்கு வீடு மாறி வந்தோம். வாடகை வீடு, இரண்டாவது மாடி. எங்களுடைய ஃப்ரிட்ஜ் வண்டியில் ஏற்றி இறக்கியதில் பழுதாகிவிட்டது. ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினோம். நன்றாகக் குளிர்ந்தது. உள்ளே வெளியே எல்லாம் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன். பின்பக்கம் மோட்டார் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆடி மாதம் வாக்கில், இரவு தண்ணீர் குடிக்க எழுந்து அடுக்களை விளக்கைப் போட்டால் மேடைமேல் பத்துப் பதினைந்து பூச்சிகள் சிதறி ஓடின. முதலில் அவற்றைக் கரப்பான் குஞ்சு என்றுதான் நினைத்தேன். சிறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கரப்பான் பாத்ரூம் சாக்கடை வழியாக ஏறி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான்தான். சில நேரம் பறக்கவும் செய்யும். துடைப்பத்தால் ஓர் அடி போட்டால் அன்றைய தொல்லை முடிந்தது. இது அது இல்லை. முழுதாக வளர்ந்தாலும் அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள். பறக்காது. சாக்கடையிலிருந்து வராது. நம் வீட்டுக்குள்ளேயே, அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பக்கத்தில், சூடும் ஈரமும் கிடைக்கிற இடுக்கில் குடித்தனம் நடத்தும். இதற்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் வீணடித்த இரண்டு மாதம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த இரண்டு மாதத்தில் என்னென்னவோ செய்து பார்த்தேன். பிரிஞ்சி இலை, கற்பூரம், வேப்பெண்ணெய் எதற்கும் அவை அசையவில்லை. பூச்சி மருந்து சாக்பீஸால் கோடு போட்டேன், ஒன்றிரண்டு செத்தன. பிறகு ஸ்பிரே. அடித்த உடனே கண்ணெதிரே பத்து மல்லாந்து விழும். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். மருந்து மேலே படாமல் தப்பியவை அதன் நெடிக்கு விலகி வேறு இடுக்குகளுக்குப் போய்விட்டன. அதுவரை அடுக்களையோடு இருந்தது, கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாலும் படுக்கையறை அலமாரியிலும் தென்பட ஆரம்பித்தது.

என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு எப்போதாவது இளைப்பு வரும். அந்த ஆவணியில் ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நெபுலைசர் வைத்துவிட்டு, டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கரப்பான் இருக்காம்மா?" என்பதுதான். அவற்றின் கழிவும், உரித்துப் போட்ட தோலும், செத்த உடம்பும் பொடியாகித் தூசியோடு கலந்து சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், இளைப்பைக் கூட்டும் என்று சொன்னார். "அதுக்காக ஸ்பிரேயையும் அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க" என்றும் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அந்த வாரமே பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களை வரவழைத்தோம். 1,500 ரூபாய். அடுக்களையைக் காலி செய்யச் சொன்னார்கள், அரை மணி நேரம் அடித்தார்கள், போனார்கள். பத்து நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம் பழையபடி, அதுவும் எள்ளளவு எள்ளளவாகப் பொடிக் குஞ்சுகள்.

ஏன் இப்படி என்று அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த வகையில் பெண் பூச்சி தன் முட்டைக்கூட்டை எங்கும் போட்டுவிட்டுப் போகாது. பொரிக்கிற நேரம் வரைக்கும் வாலோடு ஒட்டித் தூக்கிக்கொண்டே அலையும். ஒரு கூட்டுக்குள் 30, 40 முட்டை. அந்தக் கூட்டை மருந்து துளைக்காது. தாய் செத்தாலும் பொரிக்கத் தயாரான கூட்டிலிருந்து குஞ்சு வெளியே வந்துவிடும். நம் வீட்டுச் சூட்டில் அந்தக் குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் தானே முட்டை சுமக்கும். அப்படியானால் ஒருநாள் அடித்து முடிகிற வேலையே இல்லை இது, ஒரு தலைமுறை முழுவதும் விடாமல் செய்ய வேண்டியது.

படித்ததில் இன்னொன்றும் மனதில் நின்றது. பெயர்தான் ஜெர்மன். 2024-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, 17 நாடுகளிலிருந்து 281 பூச்சிகளை எடுத்துச் சோதித்து, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் ஆசியக் கரப்பான் என்ற வேறோர் இனத்திலிருந்து பிரிந்து வந்தது என்கிறது. காட்டில் இதைக் காண முடியாது, மனிதர் குடியிருக்கும் இடத்தில் மட்டுமே வாழும். சாமான்களோடு சாமானாகத்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜோடு வந்ததும் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை ஃப்ரிட்ஜைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, சுவரைவிட்டு இழுத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு டார்ச் அடித்தேன். மோட்டாரைச் சுற்றி மிளகுத்தூளை அள்ளித் தூவியதுபோல் கழிவு. காலி முட்டைக்கூடுகள். அடியில் தண்ணீர் சேரும் தட்டைச் சுற்றி உயிரோடு இருந்தவை கொத்துக் கொத்தாக. தங்கள் கழிவின் வாசனையை வைத்துத்தான் இவை ஒரே இடத்தில் கூடுமாம். என் கணவர் வாக்குவம் கிளீனரை இரவல் வாங்கி வந்து உறிஞ்சினார். பையைக் கட்டி உடனே வெளியே போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரால் மூன்று முறை துடைத்தோம். மிக்ஸியைத் திருப்பிப் பார்த்தால் அடி ஓட்டைகளுக்குள் இருந்தன. பரணில் வீடு மாற்றிய அட்டைப்பெட்டிகளை மடித்து வைத்திருந்தேன், அதன் மடிப்புகளுக்குள்ளும் இருந்தன. பெட்டி எல்லாவற்றையும் அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

அப்புறம் ஜெல். ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரிக் குழாயில் வருகிறது. பசைபோல இருக்கும், அதில் இரையும் மருந்தும் சேர்ந்திருக்கும். நாங்கள் முதலில் வாங்கியது ஃபிப்ரோனில் கலந்தது. தின்ற பூச்சி அங்கேயே சாகாது, இடுக்குக்குப் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடம்பையும் மற்றவை தின்னும், அவையும் சாகும். வெளியே வராத குஞ்சுக்கும் மருந்து போய்ச் சேர்வது இந்த வழியில்தான். ஸ்பிரே அடித்த இடத்தில் ஜெல்லை வைத்தால் கிட்டவே வராது என்பதால், வைப்பதற்கு முன் எல்லா இடத்தையும் கழுவித் துடைத்தோம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டாக, அலமாரிக் கீல்களின் உள்பக்கம், இழுப்பறைக்கு அடியில், அடுப்பு மேடையின் பின் மூலை, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் என்று முதல் நாள் 60 பொட்டுக்கு மேல் வைத்தேன். பெரிதாக நாலு உருண்டை வைப்பதைவிடச் சின்னதாக நிறைய வைப்பதுதான் சரி. பிள்ளை கை எட்டும் இடத்திலும் பாத்திரம் படும் இடத்திலும் ஒன்றுகூட வைக்கவில்லை.

எலி பிடிக்கும் பசை அட்டையை வெட்டி ஆறு துண்டாக்கி, ஆறு மூலையில் வைத்தேன். பிடிப்பதற்கு இல்லை, எண்ணுவதற்கு. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணி நாட்காட்டியில் எழுதினேன்.

மூன்றாம் நாள், ஜெல்லைத் தின்றவை பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தன. கூடத்து நடுவில் ஒன்று, பூஜை அலமாரியில் ஒன்று. அத்தை பயந்துவிட்டார். "இது குறையலையேம்மா, கூடுதே. ஸ்பிரேயை எடு" என்றார். இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். "நாலு நாள் பொறுங்க அத்தை" என்று கெஞ்சி, ஸ்பிரே டப்பாவையே கீழே குப்பையில் போட்டுவிட்டேன். அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் கேரம் பவுடர், அதாவது போரிக் பவுடர். அவர் அம்மா வீட்டில் அதை கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் பிசைந்து உருட்டி வைப்பார்களாம். அதுவும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. அதனால் பரண் பலகைக்குப் பின்னால், யாரும் தொடமுடியாத இடைவெளியில் மட்டும் பவுடரை மெல்லிசாகத் தூவினோம். குவித்துப் போட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

முதல் ஞாயிறு 83. அடுத்தது 51, பிறகு 19. நான்காவது ஞாயிறு மறுபடி 34, எல்லாம் பொடிகள். மனது விட்டுப்போனது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சமிருந்த கூடுகள் பொரிக்க வேண்டிய நேரம்தான் அது. காய்ந்த பொட்டுகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தேன், இந்த முறை இமிடாக்ளோப்ரிட் கலந்த வேறு ஜெல். ஒரே இரையைத் தொடர்ந்து வைத்தால் அதைத் தொடாத கூட்டம் உருவாகிவிடுகிறது. அமெரிக்காவில் குளுக்கோஸ் கலந்த இரையைச் சில கரப்பான்கள் ஒதுக்கியதை 1990-களிலேயே கவனித்திருக்கிறார்கள். அவற்றுக்குக் குளுக்கோஸ் கசப்பாகப் படுகிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள்.

சாப்பாடு இல்லாமல் தாங்கும் அளவுக்கு இவற்றால் தண்ணீர் இல்லாமல் தாங்க முடியாது. எனவே இரவு படுக்கும்முன் சிங்கைத் துணியால் ஈரம்போகத் துடைப்பது, ஈரப் பிடித்துணியைக் கொடியில் போடுவது, சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் வழக்கமாயிற்று.

ஆறாவது வாரம் 9-இல் வந்து நின்றது, இறங்கவே இல்லை. எல்லாம் சிங்குக்கு அடியில் வைத்த அட்டையிலேயே விழுந்தன. வேஸ்ட் பைப் சுவருக்குள் போகிற இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. அது மூன்று மாடிக்கும் பொதுவான பைப் சந்து. ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்தோம். ஆனால் அது மட்டும் போதாது என்று தெரிந்தது. மேல்மாடி அக்காவிடம் போய்ப் பேசுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நம் வீட்டுக் கரப்பானைப் பற்றி வெளியே சொல்லக் கூச்சம். நான் வாயைத் திறந்ததும் அவர், "எங்க வீட்லயும் ஆறு மாசமா இருக்கும்மா, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். கீழ்வீட்டிலும் இதே கதை. மூன்று வீடும் ஆளுக்கொரு பக்கம் ஸ்பிரே அடித்து, ஒருவர் வீட்டுப் பூச்சியை மற்றவர் வீட்டுக்கு விரட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சுத்தமான வீட்டுக்கும் வரும். மறைத்ததுதான் அதற்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த ஞாயிறு மூன்று வீட்டிலும் ஒரே நாளில் ஜெல் வைத்தோம், ஓட்டைகளை அடைத்தோம். எங்கள் அட்டைகளில் அதற்கடுத்த வாரம் 4, பிறகு 1. அதற்கும் அடுத்த ஞாயிறு ஒன்றும் இல்லை. அத்தை அந்த அடுக்களையில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தார். பூச்சி போனாலும் தூசியில் கலந்தது பல மாதம் இருக்கும் என்பதால் திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்தேன். மகளுக்குக் கார்த்திகையில் ஒரே ஒரு முறை இளைத்தது, இன்ஹேலரிலேயே அடங்கிவிட்டது.

பெருமழையில் சாக்கடைக் கரப்பான் இரண்டு பாத்ரூமில் ஏறின. அது வேறு கணக்கு. தண்ணீர் போகும் ஓட்டைக்கு மூடி வைத்த ஜாலி மாட்டியதும் நின்றது. பசை அட்டைகளை இன்னும் எடுக்கவில்லை. மூன்று வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை நடக்கிறது. போன வாரம் மேல்மாடி அக்கா தன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி இறங்கி வந்தார். "இது அதோட குஞ்சா பாரும்மா." ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதுகில் கோடு இல்லை. அரிசியில் வரும் வண்டு.