33 டிகிரி இன்குபேட்டர்

எங்கள் ஆய்வகத்தில், செல்களை ஒரே சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று 37 டிகிரி செல்சியஸ், இன்னொன்று 33. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செல்கள் வளரும் பிளாஸ்டிக் ஃபிளாஸ்க் ஒன்றில் ஜலதோஷம் தரும் ரைனோவைரஸைப் போட்டு 37-ல் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நுரையீரல் செல்கள் மீன் கூட்டம் போல நீளநீளமாக ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றும் ஆகாத மாதிரி இருந்தன. சீனியர் அக்கா, அதே வைரஸ் போட்டு 33-ல் வைத்த ஃபிளாஸ்க்கை நகர்த்திக் காட்டினார். அதில் செல்கள் உருண்டு, சுருங்கி, பளபளவென்று கழன்று மிதந்தன. நடுவே திட்டுத்திட்டாக வெறும் பிளாஸ்டிக். வித்தியாசம் நாலே டிகிரி.

"அது மூக்கோட சூடும்மா" என்றார் அக்கா. இழுக்கிற காற்று பட்டுப் பட்டு மூக்கின் உட்புறம் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும், 33-ஐ ஒட்டி. 1960-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் டேவிட் டிரெல் குழுவினர் இந்த வைரஸை வளர்த்ததும் இந்த வழியில்தான். சூட்டை 33-க்கு இறக்கி, செல்கள் இருக்கும் திரவத்தைச் சற்று அமிலமாக்கி, குழாய்களை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சூடு வைரஸை நேரடியாக முடக்குகிறது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2015-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு எலியின் மூச்சுக்குழாய் செல்களில் பார்த்தது வேறு. 37-ல் செல்கள் வைரஸை மோப்பம் பிடித்து, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை அதிகம் சுரந்தன. 33-ல் அந்தக் குரல் அமுங்கிவிட்டது. மோப்பம் பிடிக்கும் மரபணுவை நீக்கிய செல்களிலோ, வைரஸ் 37-லும் நன்றாகவே வளர்ந்தது. அதைப் படித்த அன்று என் பழைய ஃபிளாஸ்க்தான் ஞாபகம் வந்தது. சும்மா இருப்பதாகத் தெரிந்த அந்தச் செல்கள் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தனவோ!

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல், 102. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, அவளோ குளிருது குளிருது என்று கம்பளிக்குள் சுருள்கிறாள். மூளையில் ஹைப்போதலமஸ் சூட்டின் இலக்கை ஏற்றிவிட்டது. அதை எட்டத்தான் தசைகள் நடுங்குகின்றன. ஏற்றச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். பாராசிட்டமால் அதன் உற்பத்தியைத்தான் குறைக்கிறது.

102 ஃபாரன்ஹீட் என்றால் 39 செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே. அந்தச் சூட்டுக்கு மேல் போலியோ வைரஸின் பெருக்கம் விழுந்துவிடுவதை பிரான்சில் ஆந்த்ரே லுவோஃப் என்ற விஞ்ஞானி செல்களில் காட்டியிருக்கிறார். எல்லா வைரஸும் அப்படி இல்லை. பறவைகளின் உடம்பே 40-ஐத் தாண்டும். அங்கே பழகிய ஃப்ளூ வைரஸ்களுக்கு நம் காய்ச்சல் ஒரு சூடே இல்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மருந்து கொடுத்தேன். தொண்டை வலித்துத் தண்ணீர் கூட இறங்கவில்லை அவளுக்கு. குழந்தை தண்ணீர் குடிப்பது எனக்கு முக்கியம். மழைக்காலம் என்பதால் மறுநாளே டாக்டரிடம் போய் டெங்குவுக்கும் ரத்தம் பார்த்தோம். இல்லை.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கம்பளியை உதைத்துத் தள்ளினாள். கழுத்தெல்லாம் வியர்வை. துடைத்துவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்தேன். 99. "பசிக்குதும்மா" என்றாள். ரசம் சாதம் பிசைந்தேன்.