செக் என்ற சொல்லுக்குள் ஒரு ராஜா

வங்கியில் காசோலைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மாலையில் சதுரங்கம் ஆடுவது பழக்கம். இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்தான் என் வாயில் புழங்குகிறது. காசோலையும் செக், அதைச் சரிபார்ப்பதும் செக், எதிராளியின் ராஜாவுக்குக் கொடுப்பதும் செக். ஒலியில் மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். ராஜா தாக்குதலுக்கு உள்ளானதும் ‘ஷா’ என்று சொல்லி எதிராளியை எச்சரிப்பார்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த மரியாதைதான்: எந்தக் காயை வேண்டுமானாலும் சொல்லாமல் வெட்டலாம், அரசனுக்கு மட்டும் முன்னறிவிப்பு உண்டு. இன்றைய போட்டி விதிகளில் அப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த ஷா அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பழைய பிரெஞ்சு மொழியைக் கடந்து ஆங்கிலத்துக்கு வரும்போது செக் ஆகியிருந்தது. ஆட்டத்தின் பெயரான செஸ், அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்தது. ஆக, செஸ் என்றாலே ‘அரசர்கள்’தான்.

செக்மேட் என்பது ‘ஷா மாத்’. இந்த ‘மாத்’துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. அரபியில் அது இறந்துபோனதைக் குறிக்கும்; பாரசீகத்தில் செய்வதறியாமல் திகைத்து நிற்பதைக் குறிக்கும். நான் இரண்டாவதன் பக்கம். ஆட்டம் முடிந்த பிறகும் ராஜா பலகையில்தானே நிற்கிறார்? அவரை யாரும் வெட்டி எடுப்பதில்லை. நகர இடமில்லை, அவ்வளவுதான்.

ராஜாவுக்குச் செக் வைத்துவிட்டால் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அவரைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் இந்தச் சொல்லுக்கு ‘தடுத்து நிறுத்துதல்’ என்ற பொருள் வந்தது. நிறுத்துவது கட்டுப்படுத்துவதாகி, பிறகு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் கட்டுக்குள் வைப்பதாகி, கடைசியில் சரிபார்ப்பதாகிவிட்டது. நாம் அதிகம் பயன்படுத்தும் பொருள் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

ஆனால் என் தொழில் இந்தக் கதைக்குள் நுழைவது வேறொரு வாசல் வழியாக. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவட்டங்களின் ஷெரீஃப்கள் அரசனுக்குச் சேர வேண்டிய பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கணக்குப் பார்த்த மேஜை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி விரித்திருப்பார்கள். பென்னி, ஷில்லிங், பவுண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அதில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் கணக்கிடுவார்கள். ரோமன் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று யோசித்தால், இந்த மேஜையின் அருமை புரியும். எழுத்தறியாத ஷெரீஃப் கூடத் தன் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம்.

துணி சதுரங்கப் பலகையைப் போல இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது. அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் தன் நூலில் இன்னொரு காரணமும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று. கணக்குத் தணிக்கையை உட்கார்ந்து பார்த்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’தான். கட்டம் போட்ட துணியைச் செக் என்பதும் அதே பலகையால்தான்.

காசோலைக்கு வருவோம். முதலில் செக் எனப்பட்டது கையில் கொடுக்கும் தாள் அல்ல. மோசடியைத் தடுக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ளும் அடிக்கட்டை. பிறகுதான் பெயர் தாளுக்கு இடம் மாறியது. பிரிட்டனில் அதன் எழுத்துக்கூட்டலில் வரும் ‘கியூ’, எக்ஸ்செக்கரின் சாயலில் பின்னால் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் ‘கே’ போட்டு எழுதுவதைப் பிழை என்று திருத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய வடிவம் அமெரிக்கர்களிடம்தான் இருக்கிறது.