எங்கள் செவலைக்கு எலும்புக்கான ரத்தப் பரிசோதனை எடுத்த அனுபவம்

தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் தோட்டத்தில், பெங்களூரு ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு செவலைப் பெட்டைக் குதிரையை மூன்று வருஷமாக வளர்க்கிறோம். போன ஆடியில் அவள் நடை மாறியது. இன்றைக்கு முன்னங்காலில் நொண்டினால் நாளைக்குப் பின்னங்காலில். லாடத்தைக் கழற்றிப் பார்த்தோம், குளம்பில் ஒன்றுமில்லை. டாக்டர் வந்து அவள் முகத்தைத் தடவி, கன்னத்துக்கு மேலே இரண்டு பக்கமும் எலும்பு லேசாகப் புடைத்திருப்பதைக் காட்டினார். தினமும் தடவிக்கொடுக்கும் என் கைக்கு அது தெரியாமல் போனது இன்னும் வலிக்கிறது.

எலும்பு கரைகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். எலும்பின் தாதுவில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும், அதனால் முதலில் ரத்தம் பார்க்கலாம் என்றார்.

முதல் ரிப்போர்ட்டில் கால்சியம் 12.1 என்று போட்டு, பக்கத்தில் ‘அதிகம்’ என்று குறித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சத்து எதுவும் கொடுக்காதீர்கள் என்று லேப்பில் ஒருவர் சொல்லியும் அனுப்பினார். நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். அது மனிதருக்கான அளவு. குதிரைக்கு 11 முதல் 13 வரை இயல்புதான். அந்த இயல்பை வைத்தும் நிம்மதியாகிவிட முடியாது. தீவனத்தில் கால்சியம் போதாதபோது கழுத்துச் சுரப்பியில் ஊறும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கால்சியம் அளவு மட்டும் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே தெரியும்.

அதனால் வேறு இரண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று ஆஸ்டியோகால்சின், எலும்பைக் கட்டும் செல்கள் சுரப்பது. மற்றது சிடிஎக்ஸ், எலும்பு கரையும்போது அதன் கொலாஜனிலிருந்து உதிரும் துணுக்கு. கட்டுமானம் எவ்வளவு, இடிபாடு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

மாதிரி எடுப்பதில்தான் பெரிய பாடு. முதல் தடவை காலை பத்து மணிக்குக் கழுத்து ரத்தக்குழாயில் எடுத்து, வெயிலில் ஓசூர் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ரத்த அணுக்கள் உடைந்து சீரம், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர், சிவந்துவிட்டது. அப்படி ஆனால் ஆஸ்டியோகால்சினும் சிதைந்துவிடும். இரண்டாம் தடவை விடிகாலை ஆறு மணிக்கே எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஓசூரில் சீரம் பிரித்து உறைய வைத்து, அதன்பின் பெங்களூருக்கு அனுப்பினோம். நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். இந்த அளவுகள் ஒரே நாளில் ஏறி இறங்கும். வயதுக்கும் மாறும், குட்டிகளுக்கு மிக அதிகம். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது. அதே குதிரை, அதே நேரம், சில வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்து ஒப்பிட வேண்டும்.

காரணம் எங்கள் தீவனத் தொட்டியிலேயே இருந்தது. செல்லமாக தினம் மூன்று கிலோ கோதுமைத் தவிடு வைத்தோம். அதில் கால்சியத்தைப் போல எட்டு மடங்கு பாஸ்பரஸ். அது மிஞ்சினால் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. கூடவே மாட்டுக்காகப் போட்ட கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப் புல். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பெருமளவு உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதியில்லை, உள்ள கால்சியத்தையும் ஆக்சலேட் கட்டிப்போடும். பக்கத்தில் மத்திகிரி அரசு கால்நடைப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். ஆனால் இன்றைக்கு நம் ஊரில் தீவனம் பற்றி யாரைக் கேட்டாலும் மாட்டுக் கணக்குதான் கிடைக்கும். நானும் அதையேதான் நம்பியிருந்தேன்.

ஆவணியில் தவிட்டையும் கோ-4-ஐயும் நிறுத்தினோம். குதிரை மசால் தழையும் கேழ்வரகுத் தாளும் போட்டு, டாக்டர் சொன்ன அளவில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தோம். தவிட்டு வாசனைக்குப் பழகியவள் முதல் வாரம் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்துப் பழக்கினோம். ஐந்தாவது வாரம் நொண்டல் குறைந்தது. ஐப்பசியில் எடுத்த மாதிரியில் சிடிஎக்ஸ் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது.

முகப் புடைப்பு அப்படியே இருக்கிறது. அது முழுசாக வடியாமலும் போகலாம், எலும்பு தேறவே ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாசியில் அடுத்த மாதிரி, அதே ஆறு மணிக்கு.