விளக்குக் கரியும் கருவேலம்பிசினும்: வீட்டில் மை அரைத்த ஐந்து வாரம்

விளக்குக் கரியில் எழுதுமை செய்து, அதில் ஒரு பக்கமாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கரி, பிசின், தண்ணீர் மூன்றும் போதும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. அதில் பாதி நாள் மையை விட்டுவிட்டுப் பிசினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கரி எடுப்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. கண்மைக்குச் செய்வது போலத்தான். அகலில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி, தடித்த திரி போட்டு, சுடர் தொடும் உயரத்தில் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். கோழி இறகால் துடைத்துத் துடைத்து எடுத்ததில் நான்கு இரவில் 2 கிராம் தேறியது.

பிசினில்தான் முதல் தடங்கல். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே ‘பிசின்’ என்று கேட்டேன். பாதாம் பிசினைக் கட்டிக் கொடுத்தார்கள். இரவு ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய நுங்கு மாதிரி உப்பிக் கிடக்கிறது. அதன் மூலக்கூறுகளான நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தண்ணீரை வாங்கி உப்புமே தவிர, கரையாது. கரியின் மேல் போய் ஒட்ட வேண்டுமென்றால் சங்கிலி தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் அலைய வேண்டும். மறுநாள் கருவேலம்பிசின் என்று பெயர் சொல்லி வாங்கினேன். 10 கிராமை 20 மில்லி வெந்நீரில் போட்டு வைத்தேன். சாயங்காலத்துக்குள் தேன் பதத்துக்குக் கரைந்துவிட்டது. பட்டைத் துணுக்கு, மண் எல்லாம் போக வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டேன்.

கரியைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பாருங்கள். அது மூழ்காது. தண்ணீரின் மேல் வெல்வெட் துணி விரித்தது போல மிதக்கும். விரலை உள்ளே விட்டு எடுத்தால் கரி பூசியிருக்கும், விரல் நனைந்திருக்காது. பிசின் தண்ணீரில் அப்படியே கொட்டிக் கலக்கினேன். கொதிக்கும் நீரில் ரவையைக் கொட்டினால் கட்டி தட்டுமே, அதே மாதிரி உருண்டைகள். ஒன்றை உடைத்தால் உள்ளே உலர்ந்த பொடி. சொட்டுச் சொட்டாகப் பிசின் விட்டு, கல்வத்தில் களிப் பதத்துக்குக் கெட்டியாக அரைத்த பிறகுதான் கரி வழிக்கு வந்தது. ஒரு மணி நேரம் அரைத்தேன். முதலில் மொரமொரவென்று கேட்ட சத்தம் அடங்கி, குழவியின் அடியில் பளபளப்பு வந்தது. அந்தப் பளபளப்பு வந்தால் அரைபட்டுவிட்டது என்று கணக்கு. அதில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டேன். புகை போல விரிந்து, கலைந்து, டம்ளர் முழுக்கச் சீராகக் கறுத்தது. ஒரு துணுக்குகூட மேலே மிதக்கவில்லை. ஐந்து வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

அப்புறம் தவறு செய்தேன். பிசின் அதிகமானால் எழுத்து காய்ந்து வெடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்ததால், இரண்டாவது தடவை பிசினைப் பெருமளவு குறைத்துவிட்டேன். மறுநாள் காலையில் மை திரிந்த பால் மாதிரி ஆகியிருந்தது: மேலே கலங்கல் தண்ணீர், அடியில் பஞ்சு பஞ்சாகக் கரித் திரள். பிசின் குறைந்தால் கொஞ்சம் மட்டமான மை கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். பிசினே இல்லாததைவிட மோசமாகத் திரியும் என்று எதிர்பார்க்கவில்லை.

இதற்கு விடை எங்கள் ஊருணித் தண்ணீரில் கிடைத்தது. அப்பத்தா தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துவிட்டு, அதில் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைப்பார். சிறுவயதில் நானும் தேய்க்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டு அரைக் கொட்டையைத் தேய்த்திருக்கிறேன். “ரெண்டு சுத்து போதும்யா, அதுக்கு மேல தேய்க்காத. அப்புறம் தெளியாது” என்பார். கொட்டையை மிச்சம் பிடிக்கிறார் என்று அப்போது நினைத்தேன். இந்த விடுமுறையில் இரண்டு ஜாடியில் அதையே செய்து பார்த்தேன். இரண்டு சுற்று தேய்த்த ஜாடி இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. இருபது சுற்று தேய்த்தது மறுநாளும் பால் போலவே இருந்தது. அப்பத்தா சொன்னது சரி.

கொட்டையிலும் பிசினிலும் இருப்பவை நீரில் கரையும் நீண்ட சங்கிலிகள், பெரும்பாலும் பாலிசாக்கரைடுகள், அதாவது சர்க்கரை அலகுகளைக் கோத்த சங்கிலிகள். சங்கிலி முழுக்கத் துகளில் ஒட்டிப் படுத்துவிடுவதில்லை. சில துண்டுகள் பரப்பைத் தொடும், சில வளையமாக எழும்பி நிற்கும், நுனிகள் வாலாகத் தண்ணீருக்குள் நீளும். தொடும் ஒவ்வோர் இடத்திலும் பிடி பலவீனமானதுதான். ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் விட்டால்தான் சங்கிலி கழன்று வரும். வேலியில் படர்ந்த கோவைக்கொடியைப் பிய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சுருளை எடுப்பது எளிது, கொடியையே எடுப்பது பாடு. அதனால் நீரில் அலசினாலும் ஒட்டிய பிசின் எளிதில் போகாது.

சங்கிலி குறைவாக இருந்தால் துகளின் பரப்பில் நிறைய இடம் காலியாக இருக்கும். ஒரு துகளிலிருந்து நீளும் வால் பக்கத்துத் துகளின் காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் பாலம் விழுந்து விழுந்து திரளாகி, அடியில் உட்காரும். பரப்பு முழுக்க மூடிவிட்டால் பிடிக்கக் காலி இடம் கிடையாது. இரு துகள்களின் வால்களும் வளையங்களும் நெருங்கி நெருக்கடி ஆகும்போது, இடையில் தண்ணீர் புகுந்து அவற்றைத் தள்ளி வைக்கும். லா மெர், ஹீலி என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1963-இல் இதைக் கணக்காகவே எழுதினார்கள்: திரளும் வேகம், மூடிய பங்கையும் மூடாத பங்கையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. ஆகவே பாதி மூடியிருக்கும்போதுதான் மிக வேகமாகத் திரளும். ஊருணித் தண்ணீருக்கு நல்லதாக இருந்த அந்தப் பாதி மூடல்தான் என் மையைக் கெடுத்தது.

அப்படியானால் என் கரிக்கு எவ்வளவு பிசின் வேண்டும்? விளக்குக் கரித் துகளின் விட்டத்தைச் சுமார் 50 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் கரியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 65 சதுர மீட்டர் வருகிறது. அதாவது 700 சதுர அடி, சென்னையில் ஒரு சின்ன ஃப்ளாட். இந்த மாதிரிச் சங்கிலிகள் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒட்டும். 1 கிராமுக்கு 65 முதல் 130 மில்லிகிராம். 0.1 கிராம் கரிக்கு 7 முதல் 13 மில்லிகிராம்.

இதைச் சோதிக்க நான்கு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் சில துளி ஸ்பிரிட் விட்டு நனைத்து அரைத்த 0.1 கிராம் கரி, 100 மில்லி காய்ச்சி வடித்த நீர். பிசின் அளவு: 0, 2, 20, 100 மில்லிகிராம். நகைக்கடைத் தராசில் 2 மில்லிகிராம் நிற்காது என்பதால், 1 கிராம் பிசினை 100 மில்லியில் கரைத்து, அந்தக் கரைசலைச் சிரிஞ்சில் அளந்தேன். 0.2 மில்லி என்றால் 2 மில்லிகிராம். ஓர் இரவு விட்டு, எல்லாவற்றிலும் அரைத் தேக்கரண்டி உப்பு.

உப்பு எதற்கு என்றால், துகள்கள் மின்சுமையால் விலகி நிற்பதை அது கெடுத்துவிடும். பிசின் போர்வை மட்டும் எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். 12-ஆம் வகுப்பு வேதியியலில் ‘தங்க எண்’ படித்தோமே, அதுவும் இதே சோதனைதான். ஃபாரடே 1857-இலேயே, சிவந்த தங்கக் கூழ்மம் (தண்ணீரில் பரவி நிற்கும் தங்க நுண்துகள்கள்) உப்பு போட்டால் நீலமாவதையும், ஜெலட்டின் கூழ் சேர்த்தால் அப்படி ஆகாமல் காப்பதையும் பார்த்திருந்தார். சிக்மாண்டி என்ற வேதியியலாளர் 1901-இல் அதை எண்ணாக்கினார்: குறிப்பிட்ட அளவு தங்கக் கூழ்மம் உப்பால் நீலமாகாமல் காக்கக் குறைந்தது எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதுதான் தங்க எண். பாடத்தில் ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01, வேலம்பிசினுக்கு 0.15 முதல் 0.25, உருளைக்கிழங்கு மாவுக்கு 25. எண் சிறியதானால் காப்பு வலியது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரிசை அது. பாட்டில் கையில் இருக்கும்போது அது வேறு மாதிரித் தெரிகிறது. சீனாவில் மைக்கட்டிக்கு விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையைச் சேர்த்தார்கள். அந்தப் பசை ஜெலட்டினின் உறவுதான்.

முடிவு: பிசின் இல்லாத பாட்டிலில் கால் மணி நேரத்தில் கரி மணல் போல இறங்கியது. 2 மில்லிகிராம் பாட்டில் உப்புக்கு முன்பே திரள ஆரம்பித்திருந்தது. திரள்கள் பெரியவை, உள்ளே தண்ணீர் தங்கிய பஞ்சு போன்றவை. ஆட்டினால் உடைந்து, உடனே மறுபடி சேர்ந்தன. 20 மில்லிகிராமில் மறுநாள் அடியில் மெல்லிய படிவு. 100 மில்லிகிராமில் ஒன்றும் ஆகவில்லை. டார்ச் அடித்தாலும் பாட்டிலின் மறுபக்கம் தெரியவில்லை.

எழுதுவதற்கு, துகளின் பரப்பை மூடக் கணக்கிட்ட அளவைவிடப் பல மடங்கு பிசின் வேண்டும், ஏனென்றால் தாளில் கரியைப் பிடித்து வைப்பதும் பிசின்தான். ஓலைக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரியைத் தடவித் துடைத்தால் பள்ளமே பிடித்துக்கொள்ளும். நான் கடைசியாக நிறுத்திய அளவு 1 கிராம் கரிக்கு 1 கிராம் பிசின். காய்ந்த எழுத்தைத் தேய்த்தால் விரலில் ஒட்டவில்லை, வெடிக்கவும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு பாட்டிலில் பூஞ்சை பிடித்தது. நான்கு நாளில் அந்த மையும் திரிந்துவிட்டது. பூஞ்சை பிசின் சங்கிலிகளை அறுத்துத் தின்றதால் போர்வை போய்விட்டது என்று நினைக்கிறேன். இப்போது பிசின் ஊறும் வெந்நீரில் நான்கு கிராம்பு போடுகிறேன். பதினெட்டு நாளாக மை அப்படியே இருக்கிறது, மணமும் நன்றாக இருக்கிறது. நேற்று அதில் கட்டைப் பேனாவைத் தோய்த்து அப்பத்தாவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அடுத்து உருளைக்கிழங்கு மாவுக் கஞ்சியில் இதே நான்கு பாட்டில்கள். மாவு வாங்கி வைத்தாயிற்று.