திரைக்கதை வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்களா?

முதல் வாரமே இரண்டரை மணி நேரப் படத்தைக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு பேர், ஓர் அறை. ஒருவருக்கு வேண்டியதை மற்றவர் தர மறுக்கிறார். மூன்று நிமிடத்துக்கு அப்படி ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். உங்கள் எழுத்தின் கோளாறுகள் அதிலேயே தெரிந்துவிடும்.

முக்கியமான கோளாறு, படம் பிடிக்க முடியாததை எழுதுவது. 'கணவனுக்கு வேலை போனதை நினைத்துச் செல்வி மனம் உடைந்தாள்' என்பது சிறுகதைக்குச் சரி. கேமராவுக்கு அவள் மனசு தெரியாது. அதையே இப்படி எழுதலாம்: செல்வி டிபன் கேரியரைக் கழுவித் துடைக்கிறாள். வழக்கமான அலமாரியில் வைக்கப் போனவள், நின்று யோசித்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைக்கிறாள். இது பார்ப்பவருக்கு உறைக்க வேண்டுமானால், முன்பே ஒரு காலைக் காட்சியில் அதே கேரியரில் அவள் சோறு கட்டியிருக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் அந்த முன்னேற்பாட்டை விட்டுவிட்டு, கடைசியில் அவளை 'உங்களுக்கு வேலை போயி ஒரு மாசம் ஆச்சு' என்று கணவனிடமே சொல்ல வைப்பார்கள். அவனுக்குத் தெரியாதா என்ன!

வசனத்தில் 'வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடுறீங்களா' வகையறாவை அடித்துவிடுங்கள். பல காட்சிகள் ஐந்தாவது வரியில்தான் தொடங்குகின்றன.

பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சி விவரமும் வலப்பக்கம் வசனமும் எழுதும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் ஹாலிவுட் பாணியும் இருக்கிறது. வகுப்பில் எதைக் கேட்கிறார்களோ அதில் எழுதுங்கள். எதுவானாலும் காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா என்பது தலைப்பில் வர வேண்டும். வாசலில் பேசிக்கொண்டே கூடத்துக்குள் போனால் அங்கே புதுத் தலைப்பு. பெயரையும் மாற்றாதீர்கள். ஒரு பக்கத்தில் செல்வி, இன்னொன்றில் தமிழ்ச்செல்வி என்றிருந்தால் உதவி இயக்குநர் இரண்டு நடிகைகளைத் தேடுவார்.

'ஒரு பக்கம், ஒரு நிமிடம்' என்பது கூரியர் என்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் அடித்த ஆங்கிலப் பக்கத்துக்கான தோராயக் கணக்கு. தமிழில் அதை நம்ப வேண்டாம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஸ்டூலில் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது நாக்கு இடறுகிற வரி, நடிகருக்கும் இடறும்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அது இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் திறக்கும்.