புரின்னா கயிறும்தான்

புரின்னு சொன்னதும் நமக்கு வர்றது "புரியுதா?" தான், அப்புறம் பணிபுரி, கொலைபுரி, அதுக்கப்புறம் தர்மபுரி மாதிரி ஊர்ப்பேர்ல ஒட்டியிருக்கிற வடமொழி புரி. திருக்குறள் அஞ்சாவது குறள்ல "புகழ்புரிந்தார்"னு வருது பாருங்க, அங்க புரியறதுன்னா விரும்பறது. இதெல்லாம் போக அகராதியில இன்னொரு புரி இருக்கு: முறுக்கு, முறுக்கின இழை, கயிறு. இந்த அர்த்தத்துல இப்ப யாரும் தனியா சொல்றதில்ல, வழக்கொழிஞ்சு போச்சுன்னுதான் நினைப்போம், ஆனா கொஞ்சம் தேடினா வேற வேற வேஷத்துல நம்ம கூடவே சுத்திக்கிட்டு இருக்கு.

முதல் வேஷம் பிரி. "ரெண்டு பிரி கயிறு, மூணு பிரி கயிறு"ன்னு சொல்றோமே அதுதான், வைக்கோலை முறுக்கினா வைக்கோப்பிரி, அதையே வளையமா சுத்தி பானை உருளாம இருக்க அடியில வச்சா பிரிமணை, அகராதியில அது புரிமணை. சேர்த்து முறுக்கினதுக்குப் போய் பிரின்னு பேரான்னு சிரிப்பு வரும், ஆனா இது தமிழ்க் கொச்சை மட்டும் இல்ல, மலையாளத்துலயும் முறுக்குக்கு பிரின்னுதான் பேரு, சுருள் படிக்கட்டு அங்க பிரியன் கோவணி.

சரி, கயிறு ஏன் தானா அவிழறதில்ல? ஒரு துண்டு கயித்தோட நுனியைப் பிரிச்சுப் பாருங்க. நார் எல்லாம் ஒரு பக்கமா முறுக்கி இழை ஆயிருக்கும், அந்த இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமா முறுக்கினா ஒரு புரி, அப்படி மூணு புரியைச் சேர்த்து மறுபடி அதுக்கு எதிர்ப்பக்கமா முறுக்கினாத்தான் கயிறு. புரி தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், ஆனா அது அவிழற திசையும் கயிறு முறுகற திசையும் ஒண்ணு, அதனால அது அவிழ அவிழ கயிறு இறுகும், கயிறு அவிழப் பார்த்தா புரி இறுகும். ரெண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கிட்டே நிக்கிறதுதான் கயிறு. எல்லாத்தையும் ஒரே பக்கமா முறுக்கிட்டு கையை விட்டீங்கன்னா மொத்தமும் சுழண்டு அவிழ்ந்துடும்.

தேய்மானம் வந்தா முதல்ல போறதும் புரிதான். இதைக் கண்ணால பார்த்து எழுதின ஒரு சங்கப் புலவர் இருக்கார், அவர் சொந்தப் பேரு என்னன்னே யாருக்கும் தெரியாது, அவர் பாட்டுல வந்த உவமையையே பேரா வச்சு தேய்புரிப் பழங்கயிற்றினார்னு சொல்றோம். நற்றிணை 284. வெளியூருக்கு வேலையா போனவன், மனசு அவகிட்ட திரும்பிப் போயிடலாம்ங்குது, அறிவு வேலையைப் பாதியில விட்டா கேவலம்ங்குது, ரெண்டுக்கும் நடுவுல என் உடம்பு ரெண்டு யானை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிற தேய்புரிப் பழங்கயிறு மாதிரி அழிஞ்சு போயிடுமோங்கிறான். வெறும் பழங்கயிறுன்னு விட்டிருந்தா சாதாரண உவமை, அந்த தேய்புரிதான் விஷயமே, பட்டுன்னு அறுந்து போறதில்ல, ஒவ்வொரு புரியா தேஞ்சு போறது.

அப்புறம் பக்திப் பாட்டுல புரிசடை, பூணூலுக்கு முப்புரிநூல், பரிபாடல்ல யாழுக்குப் புரிநரம்பு, முறுக்கின எல்லாத்துக்கும் இந்தச் சொல் போயிருக்கு. முறுகியே காய்க்கிற வலம்புரிக்காய் கூட உண்டு.

வலம்புரின்னதும் சங்கு ஞாபகம் வருமே, அங்க ஒரு வேடிக்கை. உயிரியல்காரங்க சங்கோட கூர் உச்சியை மேல வச்சுப் பார்த்து, வாய் வலது பக்கம் இருந்தா வலச்சுருள்ம்பாங்க. நம்ம ஆளுங்க அதைத் தலைகீழாப் பிடிச்சுப் பேர் வச்சாங்க, அதனால நாம அபூர்வம்னு கொண்டாடுற வலம்புரி அவங்க கணக்குல இடச்சுருள், சாதாரணமா கிடைக்கிற இடம்புரிதான் அவங்களுக்கு வலச்சுருள். கயித்துல இந்தக் குழப்பமே இல்ல. மூணு புரி கயித்தை நிமிர்த்திப் பிடிச்சா பெரும்பாலும் புரிகள் இசட் எழுத்தோட நடுக்கோடு மாதிரி இடமிருந்து வலமா மேல ஏறும், தலைகீழாத் திருப்பினாலும் அதே இசட்தான். எதிர்ப்பக்கமா முறுக்கினது எஸ். அதனாலதான் நூல்காரங்க வலது இடதுன்னு சொல்லாம எழுத்தாலயே சொல்லிடறாங்க.

கடைசி வேஷம் இரும்புல. ஸ்கூல்ல திருகு அளவி வச்சு கம்பியோட விட்டம் அளந்தவங்களுக்கு புரிக்கோல், புரியிடைத் தூரம் எல்லாம் ஞாபகம் இருக்கும், புரியிடைத் தூரம் 1 மி.மீ., தலைக்கோல்ல 100 பிரிவு, ஆக மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அந்தப் புரியும் இதே முறுக்குதான், ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் புரியிடைத் தூரம், ஆனா அன்னைக்கு அதை மனப்பாடம் பண்ணினோமே தவிர கயித்தோட யாரும் சேர்த்துச் சொல்லித் தரல. பட்டறையில த்ரெட், இல்லன்னா மரை. திருகுலயும் இடம்புரி உண்டு, சைக்கிளோட இடது பெடல்ல இருக்கிறது அதுதான், அதை எதிர்ப்பக்கமாத்தான் கழட்டணும், அங்கயும் சாதாரண மரையே இருந்தா ஓட்ட ஓட்ட அது தானா கழண்டுக்கும். கொஞ்சம் கிறுக்கா இருக்கிறவனை நாம மரை கழண்டவன்னு சொல்றோம், மலையாளத்துல ஒரு பிரி லூஸ்.