டேப்பும் கணினியும் சேர்ந்து ஓட

24 டிராக் டேப் இயந்திரத்தைக் கணினியின் ஒலிப்பதிவு மென்பொருளோடு டைம்கோடு (டேப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று முகவரி தரும் குறியீடு) வழியாக இணைக்கும்போது, இரண்டும் சரியாக ஒரே இடத்தில் தொடங்கிய பிறகும் பாட்டு முடிவதற்குள் தாளம் பிரிந்துவிடுவதுண்டு. நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதும் எந்த வேகத்தில் போகிறோம் என்பதும் தனித்தனித் தகவல்கள் என்று தெளிந்துகொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

டேப்பில் பதியும் எஸ்எம்பிடிஇ குறியீடு, அதாவது இந்த டைம்கோடு, கேட்கக்கூடிய ஓர் ஒலிதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (நொடியைப் பிரிக்கும் படச்சட்ட அலகு) 80 பிட்டுகள் என்பதால் 25 ஃபிரேம் கணக்கில் நொடிக்கு 2000 பிட்டுகள் ஓடுகின்றன. அந்தக் கீச்சொலி பக்கத்து டிராக்குக்குக் கசியும் என்பதால்தான் குறியீட்டை ஓரத்தில் 24ஆவது டிராக்கில் வைத்து, 23ஆவதைக் காலியாக விடும் பழக்கம் வந்தது. அந்த டிராக்கில் இரைச்சல் குறைப்பான் எதையும் போடக் கூடாது.

இந்த ஒலியை ஒரு சின்க்ரனைசர் (இயந்திரங்களை ஒத்து ஓடவைக்கும் கருவி) படித்து, மிடி (இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை) டைம்கோடாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. ஒரு முழு நேர முகவரி எட்டுத் துண்டுகளாக, இரண்டு ஃபிரேம் நேரத்தில், அதாவது 25 ஃபிரேம் கணக்கில் 80 மில்லிவினாடியில்தான் வந்து சேரும். இடத்தைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் இடத்தைப் பிடித்தபின் மென்பொருள் தன் ஆடியோ கார்டின் கடிகாரத்தை நம்பியே ஓடினால், டேப்பின் வேக மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது. டேப்பின் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 300 மில்லிவினாடி இடைவெளி விழுந்துவிடும். அது எந்தக் காதுக்கும் தப்பாது. ஆகவே, டேப்பிலிருந்து வரும் குறியீட்டைப் பின்தொடர்ந்து வேர்ட் கிளாக்கை (சாம்பிள் எனப்படும் ஒலியின் நுண்ணிய அளவீடுகளை எடுக்கும் வேகத்தைச் சொல்லும் துடிப்பு) உருவாக்கும் சின்க்ரனைசரைப் பயன்படுத்தி, ஆடியோ கார்டை அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படுத்த வேண்டும்.

டேப்பில் உள்ள அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் கணினிக்கு ஏற்ற முடிந்தால் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. 16 உள்ளீடுகள் மட்டுமே இருந்து இரண்டு ஓட்டங்களாக ஏற்றும்போதுதான் டைம்கோடின் அருமை புரியும். அப்போதும் ஒரே டிரம் செட்டின் மைக்குகளை இரு ஓட்டங்களுக்குப் பிரித்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல சின்க்ரனைசரும் இரண்டு ஓட்டங்களைச் சாம்பிள் அளவுக்குத் துல்லியமாகப் பொருத்தித் தருவதில்லை. மைக்குகளுக்கிடையே கசியும் ஒலி ஒன்றையொன்று அரித்து டிரம்ஸின் கனத்தைக் குறைத்துவிடும். குரலுக்கோ வயலினுக்கோ அந்த நுண்ணிய விலகல் பொருட்டில்லை.

மிடி கிளாக் என்பது இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு பொருள். அது கால் நோட்டுக்கு 24 துடிப்புகள் அனுப்பி டெம்போவைச் சொல்லும். மணி, நிமிடம் எதுவும் அதற்குத் தெரியாது. டிரம் மெஷினுக்கு அதுவே போதும்.

புதிதாகக் குறியீடு பதிவதானால் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 01:00:00:00இல் பாட்டை வையுங்கள். பாட்டுக்குச் சற்று முன்பிருந்தே ஓடவிடுவதற்காக டேப்பைப் பத்து நொடி பின்னால் எடுத்தால், பூஜ்ஜியத்துக்கு முந்தைய நேரம் 23:59:50 ஆகிவிடும். பல மென்பொருள்கள் அதை நாளின் கடைசி என்று கொண்டு தடுமாறும். ஃபிரேம் விகிதம், தொடக்க நேரம், சாம்பிள் விகிதம் மூன்றையும் டேப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். திரைப்படத்துக்கான 24க்கும் தொலைக்காட்சிக்கான 25க்கும் உள்ள வேறுபாட்டை, பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் டேப்பை ஓட்டிப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது.